இங்கிலாந்து வீட்டின் புதுப் பூச்சுக்கு பெயின்ட்: வேலூர்க் கணக்கு எங்கே தப்பும்?

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ வீடு கட்டியவர்களுக்குப் பூச்சு வேலை என்றால் பாதி வேலை தண்ணீர் விடுவதுதான். சிமென்ட் பூசிய மறுநாளிலிருந்து ஒரு வாரமாவது காலையும் மாலையும் சுவரை நனைக்கவில்லை என்றால், பாலாற்றங்கரை வெயிலுக்கு மயிரிழை வெடிப்பு விழும். அதே பழக்கத்தில் இங்கிலாந்தில் புதிதாகப் பூசிய அறைக்குள் குழாயைக் கொண்டுபோகாதீர்கள். இங்கே உள்சுவருக்குப் பெரும்பாலும் ஜிப்சம்தான். சில மணி நேரத்தில் இறுகிவிடும். பிறகு அதற்குத் தண்ணீர் தேவையில்லை. உள்ளே மிஞ்சிய தண்ணீர் வெளியேறினால் போதும்.

காய்ந்ததா என்று நிறத்தைப் பார்த்தே சொல்லலாம். ஈரப் பூச்சு அடர் பழுப்புச் சிவப்பாக இருக்கும், காய்ந்தால் வெளிறிய ரோஜா நிறத்துக்கு வரும். மூலைகளும் தரையை ஒட்டிய பகுதியும்தான் கடைசியில் காயும். உள்ளங்கை அளவு கறுத்த திட்டு இருந்தாலும் பொறுக்க வேண்டும். பிளாஸ்டர்போர்டு எனும் ஜிப்சம் பலகை மேல் 2, 3 மில்லிமீட்டர் ஸ்கிம், அதாவது மெல்லிய மேற்பூச்சு, மட்டும் என்றால் ஏறக்குறைய ஒரு வாரம். செங்கல் மேல் அடிப்பூச்சும் சேர்ந்தால் ஒரு மாதம் வரை ஆகலாம், குளிர்காலத்தில் அதற்கும் மேலே. போகிக்குள் வெள்ளையடித்தாக வேண்டும் என்ற அவசரம் இங்கே உதவாது. ஜனவரியில் எதுவும் லேசில் காயாது. அதற்காக ஹீட்டரை முழுதாக ஏற்றினால் பூச்சு வெடிக்கும். மிதமான சூடு, கொஞ்சம் திறந்த ஜன்னல் போதும். அந்த அறையில் துணி காயப்போட வேண்டாம்.

ஊரில் இரண்டு கோட் பட்டி, அதன்மேல் ப்ரைமர் என்று போவோம். இங்கே ஸ்கிம்மே வழவழப்பாக இருப்பதால் முழுச் சுவருக்கும் பட்டி தேவையில்லை. ப்ரைமர் இடத்தில் வருவது மிஸ்ட் கோட், அதாவது தண்ணீர் கலந்த, பளபளப்பில்லாத சாதா மேட் எமல்ஷன். 'கான்ட்ராக்ட் மேட்' என்று வாளியில் விற்பது இதற்குத் தோது. 3 பங்கு பெயின்ட்டுக்கு 1 பங்கு தண்ணீர் பொதுவான அளவு என்றாலும் டப்பாவில் போட்டிருப்பதே கடைசி வார்த்தை. புதுப் பூச்சுக்கென்றே வரும் சில பெயின்ட்டுகளில் தண்ணீர் கலக்கவே கூடாது.

காய்ந்த ஜிப்சம் தண்ணீரை வெகு வேகமாக உறிஞ்சும். கெட்டி பெயின்ட்டை நேராக அடித்தால் அதன் தண்ணீரைச் சுவர் இழுத்துக்கொள்ள, பெயின்ட் உள்ளே இறங்காமல் மேலே தோலாக நின்றுவிடும். வினைல் சில்க் என்ற பளபளப்பான எமல்ஷன் இன்னும் மோசம். அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருக்கும்; பிறகு ஒருநாள் மாஸ்கிங் டேப்பை உரித்தால் கூடவே ஒரு முழம் பெயின்ட் வரும். அப்படி வந்தால் மேலே இன்னொரு கோட் அடித்து மறைக்க முடியாது. பிடிப்பில்லாததை எல்லாம் சுரண்டி, ஓரத்தைத் தேய்த்து, மிஸ்ட் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் பிவிஏ பசை அடி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய சுவரில் பூச்சு பிடிக்க அது உதவும். பெயின்ட்டுக்கு அடியில் அது இருந்தால், உறிஞ்ச வேண்டிய சுவரை அடைத்துவிடும்.

4 × 3 மீட்டர் அறை, உயரம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கதவு ஜன்னல் போகச் சுவர் சுமார் 30 சதுர மீட்டர், சீலிங் 12. ஊரில் சதுர அடியில் பேசுவோம். 1 சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. மிஸ்ட் கோட்டுக்கு 5 லிட்டர் டப்பா ஒன்று தாராளம். மேல் கோட்டுக்கு லிட்டருக்கு 12 சதுர மீட்டர் என்று பிடித்தால், சுவருக்கு இரண்டு கோட் அடிக்க 5 லிட்டர்.

தூசியை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு சீலிங்கில் தொடங்குங்கள். தண்ணீர் கலந்தது சொட்டும், தரையை நன்றாக மூடுங்கள். மிஸ்ட் கோட் காய்ந்ததும் அதுவரை தெரியாத கீறலெல்லாம் தெரியும். அப்போது ஃபில்லர் வைத்து, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி மிஸ்ட் கோட் கொடுத்துவிட்டு மேல் கோட்டுக்குப் போகலாம்.

மீந்த எமல்ஷனைத் தோட்டத்து ஷெட்டில் வைக்காதீர்கள். வேலூரில் வராத பிரச்சினை இது: குளிரில் உறைந்தால் கட்டி கட்டியாகத் திரிந்துவிடும், எவ்வளவு கலக்கினாலும் தேறாது.