19 வோல்ட் லைனில் ஷார்ட்: தண்ணீர் பட்ட லேப்டாப்புக்கு உயிர் வந்தது

சார்ஜரை மாட்டியதும் போர்டில் 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்கள் இரண்டும் ஒழுங்காக வந்தன, பட்டனைத் தட்டியதும் ஃபேன் சுற்றியது! வேலை இன்னும் முடியவில்லை. ஆனாலும் இந்த இடத்தை இப்போதே எழுதிவிட வேண்டும்.

பிரித்தது, 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்தது எல்லாம் வழக்கம்போலத்தான். கீபோர்டு கனெக்டர் பக்கம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கொண்டுவந்தவர் பேட்டரியைக் கழற்றாமலே காயவைத்திருக்கிறார். ஆஃப் செய்தாலும் சில லைன்களில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு அரிக்கத் தொடங்கிவிடும். எத்தனை பேரிடம் சொன்னாலும் இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

களிம்பு போயும் போர்டு அசையவில்லை. சார்ஜரிலிருந்து வரும் 19 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரில் 0.4 ஓம்தான். சரி, ஷார்ட்: லைன் ஏறக்குறைய நேராக கிரவுண்டோடு சேர்ந்துவிட்டது. ஆனால் எங்கே? அந்த லைனில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் எல்லாம் பேரலலில், அதாவது ஒரே லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, இருக்கின்றன. எதில் மீட்டரை வைத்தாலும் அதே 0.4தான். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திரும்பத் திரும்ப ஹாட் ஏர் (சால்டரை உருக்கும் சூடான காற்று) பட்டால், பாகம் ஒட்டியிருக்கும் செம்புப் பேட் பெயர்ந்து வந்துவிடும்.

அதனால், ஷார்ட்டான பாகம் சூடாகித் தன்னைக் காட்டிக்கொடுக்கட்டும் என்று வெளியிலிருந்து வோல்டேஜ் கொடுத்துப் பார்த்தேன். அதற்கு முன் கட்டாயம் ஒன்றைப் பார்க்க வேண்டும்: 19 வோல்ட் லைனுக்கும், சிபியுவுக்கு மின்சாரம் தரும் காயிலுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா? அங்கே மேல்பக்க மாஸ்ஃபெட் (19 வோல்ட்டை காயிலுக்குத் திறந்து மூடும் ஸ்விட்ச்) ஷார்ட்டாகிப் போயிருந்தால், நாம் கொடுப்பது நேராக சிபியுவுக்குள் போகும். இதில் அப்படி இல்லை. இருந்தாலும் 1 வோல்ட்டைத் தாண்டவில்லை, கரண்ட் லிமிட் 3 ஆம்பியர். 0.4 ஓமுக்கு இரண்டரை ஆம்பியர் ஓடும். அந்த இரண்டரை வாட்டில் பெரும்பகுதி ஒரு கடுகளவு பாகத்தில் இறங்கினால் சூடு தெரியாமல் போகாது.

தெர்மல் கேமரா தேவையே இல்லை. போர்டு மேல் ஐபிஏவை மெல்லிசாகப் பரப்பிவிட்டு, சப்ளையை ஆன் செய்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். எல்லா இடமும் பளபளவென்று ஈரமாக இருக்க, சார்ஜிங் ஐசிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கெப்பாசிட்டர் தலை மட்டும் சட்டென்று காய்ந்தது. மறுபடி ஊற்றினேன், மறுபடி அதுவே. களிம்பு இருந்த இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! கழற்றியதும் மீட்டர் கிலோ ஓமுக்கு ஏறியது.

மாற்று கெப்பாசிட்டரைப் பழைய போர்டிலிருந்து எடுத்தேன். செராமிக் கெப்பாசிட்டர் மேல் எதுவும் அச்சிட்டிருக்காது, எத்தனை வோல்ட் தாங்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அந்தப் போர்டிலும் 19 வோல்ட் லைனில் இருந்ததைத்தான் எடுக்க வேண்டும். செத்த போர்டுகளை எடைக்குப் போடாதீர்கள். உதிரி வாங்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்து ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசானிக் தொட்டி ஒன்று வாங்கும் யோசனை இருக்கிறது, ஐசிக்கு அடியில் பிரஷ் போகாது என்பதால். அதற்கு முன் இந்த லேப்டாப்பில் டிஸ்ப்ளே பாக்கி. வெளி மானிட்டரில் படம் வருகிறது, இதன் திரையில் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) இல்லை. பேக்லைட் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. டிஸ்ப்ளே கனெக்டரில் ஓரத்துப் பின்கள் கறுத்திருக்கின்றன. கேபிளையும் கனெக்டரையும் சேர்த்தே மாற்றப்போகிறேன்.