குழம்பு ஒட்டிய டப்பா

வேலூரில் ஒரு குப்பை தரம் பிரிக்கும் கூடத்தில் நான்கு வருடமாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் வண்டி போகும் தெருக்களில் நிறைய லாட்ஜ்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வெளியே போக முடியாத நாளில் போனில் சொல்லித்தான் சாப்பாடு வரவழைக்கிறார்கள். காலையில் மூட்டையைப் பிரித்தால் பெரும்பாலும் பார்சல் டப்பாதான்.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் பாலிபுரொப்பிலீன். உருக்கினால் வேறு பொருளாகும், காயலான் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். குழம்பு ஒட்டியிருந்தால் தொடமாட்டார். சித்திரை வெயிலில் மதியத்துக்குள் கூடமே நாறிவிடும். கறுப்பு டப்பாவை வேறு நிறமாக்க முடியாது என்பதால் அதற்கு விலையும் குறைவு. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை. இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது; எங்கள் கூடத்தில் அது உரமாகவும் ஆகாது, பழைய பேப்பராகவும் போகாது.

இதையெல்லாம் விட என்னை வதைப்பது ஸ்டேப்ளர் பின். பார்சல் கவரின் வாயை அதை வைத்துத்தான் மூடுகிறார்கள். போன வருடம் எங்கள் கூடத்தில் குப்பை பிரிக்கும் அக்கா ஒருவருக்குக் கையுறையைத் தாண்டி விரலில் ஏறிவிட்டது. வீங்கி, பத்து நாள் வேலைக்கு வர முடியவில்லை. "குப்பையைத் தொட எனக்குக் கூச்சமில்ல தம்பி, இந்தப் பின்னுக்குத்தான் பயம்" என்றார்.

அப்புறம்தான் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினேன். டப்பாவை ஒரு தடவை அலசி, தனி வாளியில் போடச் சொன்னேன். தண்ணீர்ப் பஞ்சத்தில் இது வேறயா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சாப்பிட்டுக் கை கழுவும் தண்ணீரை டப்பாவிலேயே விடுங்கள், அதுவே போதும் என்றேன். ஒரே ஒரு லாட்ஜில் மேனேஜர் உடனே வாளி வைத்தார். அங்கே தங்கியிருந்த ஒருவர் இதை வங்காள மொழியில் எழுதிக் கொடுத்ததைச் சுவரில் ஒட்டினோம். இப்போது அந்த மூட்டையில் டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வருகின்றன. அக்கா பத்து நிமிடத்தில் பிரித்துவிடுகிறார்.

போன மாதம் போனபோது அந்தத் தாள் புதிதாக இருந்தது. ஈரத்தில் கிழிந்ததால், புதிதாக வந்த ஒரு அம்மா வேறு தாளில் எழுதினாராம். கடைசியில் முன்பு இல்லாத ஒரு வரி. மேனேஜர் படிக்கச் சொல்லிக் கேட்டுச் சொன்னார்: "பின்னை எடுத்துவிட்டுப் போடுங்கள்."