அரேபியாவுக்காகக் காத்திருக்கும் நாட்கள்

ஜூன் 4
காற்று. ஏரியில் மூழ்கிக் கிடக்கும் அரேபியா கப்பலைப் பார்க்க எங்களைக் கூட்டிப்போகும் படகு போகவில்லை.

ஜூன் 5
இன்றும் காற்று. கனடாவின் ஹியூரான் ஏரிக்கரையில் இருக்கும் இந்த டோபர்மொரியில் சும்மா உட்கார மனமில்லாமல் பிக் டப் துறைமுகத்திலேயே ஸ்வீப்ஸ்டேக்ஸைப் பார்க்க இறங்கினோம். 1867இல் கட்டிய பாய்மரக் கப்பல். 1885இல் அடிபட்டு, இங்கே இழுத்து வரப்பட்டு மூழ்கியது. ஆழம் ஆறு மீட்டர்தான். பலகைகளின் இடுக்கில் ஓர் ஆணியின் தலை தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடலில் என்றால் கப்பல் புழு இந்த மரத்தை எப்போதோ தின்று தீர்த்திருக்கும். உப்பில்லாத தண்ணீரில் அது பிழைக்காது. குளிரும் மரத்தைக் காத்துக் கொடுக்கிறது.

ஜூன் 6
தூக்கம் இல்லை. ரெகுலேட்டரை, சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவியை, கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். சர்வீஸ் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் போன வருஷம் கேட்ட அந்த இரைச்சல் காதிலேயே இருக்கிறது. சிலிண்டரின் அழுத்தம் ஒரேயடியாகக் குறையும்போது காற்று உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிடும். தண்ணீரோ 4 டிகிரி. சிலிண்டரோடு சேரும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் ஐஸ் பிடித்து வால்வு திறந்தபடியே நின்றுவிட்டால் காற்று கொட்டிக்கொண்டே இருக்கும். அன்று மேலே வருவதற்குள் சிலிண்டரில் 90 பார் அழுத்தம் போயிருந்தது. அண்ணன் தன் இரண்டாவது ரெகுலேட்டரைக் கொடுத்ததால் பிழைத்தேன்.

இந்த முறை தண்ணீருக்குள் தலை போகும் வரை அதில் மூச்சு விடக் கூடாது. மூச்சிழுக்கும்போதே தண்ணீர் புகாத உடையான ட்ரை சூட்டுக்குக் காற்று விடக் கூடாது. காற்றைப் பீறிட வைக்கும் பர்ஜ் பட்டனைத் தொடவே கூடாது. மூன்றையும் அண்ணனிடம் ஒப்பித்தேன். "சரி, தூங்கு" என்றார்.

ஜூன் 7
அரேபியாவின் சுக்கான் சக்கரம். வேறு நினைப்பே இல்லை.

ஜூன் 8
போனோம்!

1884இல் மூழ்கிய கப்பல் அரேபியா. ஆட்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள். அது தெரிந்திருந்ததால்தான் இவ்வளவு ஆசையோடு இறங்க முடிந்தது என்று நினைக்கிறேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கொஞ்ச ஆழத்திலேயே நெற்றி வலித்தது. உதடு மரத்துப்போய், மவுத்பீஸ் வாயில் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட முப்பது மீட்டரில், பச்சை இருட்டுக்குள்ளிருந்து கப்பலின் முகப்பு எழுந்து நின்றது. பக்கத்தில் நங்கூரங்கள், யாரோ இப்போதுதான் வைத்துவிட்டுப் போனதுபோல.

அழுதேன். மாஸ்க்குக்குள் அழுதால் துடைக்க வழியில்லை.

சக்கரம் இருப்பது பின்பக்கம். பாதி வழியில் என் ரெகுலேட்டரில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஒரே ஒரு நொடி. நின்றும்விட்டது. அண்ணன் என் கண்ணைப் பார்த்தார், மேலே போவோம் என்று கட்டை விரலை மேலே காட்டினார். நான் எதிர்த்துச் சைகை காட்டவில்லை. திரும்பினோம்.

இரவு
அது ஐஸா, இல்லை, நான் வேகமாக மூச்சிழுத்ததா? அண்ணன் இரண்டாவதுதான் என்கிறார்.

சிப்பிகளைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். கப்பல்களின் பல்லாஸ்ட் தண்ணீரோடு, அதாவது கப்பல் நிலையாக நிற்க அடியில் நிரப்பும் தண்ணீரோடு, இந்த ஏரிகளுக்கு வந்து சேர்ந்தவை. எத்தனையோ பழைய கப்பல்களைக் கொத்துக்கொத்தாக மூடிவிட்டன. சக்கரத்தையும் மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

ஜூன் 9
மணி ஏழு. தண்ணீரில் அசைவே இல்லை. கையுறையின் உள்பக்கம் இன்னும் ஈரம். பரவாயில்லை. ரெகுலேட்டரை மாற்றிக்கொண்டேன், அண்ணனுடைய பழையது. படகில் இன்ஜின் சத்தம் கேட்கிறது