மூன்றாவது விசில்

அமெரிக்காவில் எம்.எஸ். சேர்ந்த முதல் வாரம். வகுப்புத் தோழன் ஒருவன் எதிரே வந்து "ஹவ் ஆர் யூ?" என்றான். நானும் நின்று, தூக்கம் சரியில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆள் கதவைத் தாண்டிப் போய்விட்டான். கோபமே வந்தது. அது நலம் விசாரிப்பு இல்லை, வெறும் வணக்கம்தான் என்று புரிய ஒரு செமஸ்டர் ஆனது.

நவம்பர் நான்காவது வியாழன் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. எல்லோரும் ஊருக்குப் போய்விட, கேன்டீனும் மூடிக் கிடந்தது. மிஞ்சியது நான், ஒரு நேபாளி, இரண்டு தெலுங்குப் பையன்கள், ஒரு நைஜீரியப் பெண். அம்மா பெட்டியில் திணித்துவிட்ட குக்கரில் சாம்பார் சாதம் வைத்தேன். மூன்றாவது விசிலுக்கு அந்த நைஜீரியப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள், ஃபயர் அலாரம் என்று நினைத்து! அடுத்த வாரம் ஜொலோஃப் சோறு செய்து எடுத்து வந்தாள். நம்ம தக்காளி சாதத்துக்குப் பெரியம்மா மகள் மாதிரி, ஆனால் காரம் ஒரு படி மேல்.

2023-24 கல்வியாண்டில் அங்கே இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். நம்மவர்களோடு மட்டுமே பழகி இரண்டு வருஷத்தை ஓட்டிவிடலாம், தப்பும் இல்லை. வாடகையைப் பங்கு போட ஆள் வேண்டுமே.

அப்புறம் அந்தக் குக்கர்? ஊர் திரும்பும்போது அவளிடமே கொடுத்துவிட்டேன். போன மாதம் வீடியோ காலில் காட்டினாள். கேஸ்கட் போய்விட்டதாம், எங்கே கிடைக்கும் என்று கேட்கிறாள்.