எழுத வேண்டாம் என்றார்கள்

மக்கள் கேட்டதைத் திட்டத்தில் எழுதாமல் விடக்கூடாது என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்லிவிடுகிறார்கள். கேட்டவர்களே வந்து எழுத வேண்டாம் என்றால் என்ன செய்வது? எனக்கு இன்றுவரை சரியான பதில் கிடைக்கவில்லை. ஒரு ஊரில் நான் எடுத்த முடிவு மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஊராட்சி அடுத்த ஆண்டு என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று மக்களைக் கேட்டுப் போடுகிற கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்ட வேலை எப்படி நடக்கும் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் தெருத்தெருவாக உட்கார்ந்து தேவைகளைக் கேட்டுப் பட்டியல் போட வேண்டும். நான் சொல்லும் ஊரில் ஒரு தெருவில் அப்படி உட்கார்ந்தபோது பெண்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள். அங்கன்வாடி வாசலில் கோலமாவாலும் செங்கல் பொடியாலும் ஊர் வரைபடம் போட்டார்கள். குடிநீர்த் தொட்டி, விளக்கு எரியாத முக்கு, சாக்கடை தேங்கும் இடம் எல்லாம் வந்தன. அப்புறம் ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, எது முதலில் வேண்டுமோ அதன்மேல் வைக்கச் சொன்னோம். எல்லோரும் இரண்டு, மூன்று என்று பிரித்து வைத்தார்கள். ஒரு அம்மா மட்டும் பத்தையும் கொண்டுபோய்ச் சுடுகாட்டுப் பாதையில் வைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இன்னொருவர், தண்ணீர்த் தொட்டிமேல் வைத்திருந்ததை எடுத்து அங்கே வைத்தார். கடைசியில் அங்கேதான் குவியல் பெரிதாக இருந்தது.

பாதை என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை, வயல் வரப்புதான். மழைக்காலத்தில் பாடையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் அதில் சேர்ந்து நடக்க முடியாது. நாற்று நட்டிருந்தால் வயலுக்குள் கால் வைக்கவும் கூடாது. அந்த இடம் ஊர்த்தெருக்காரர் ஒருவருடைய பட்டா நிலம். அந்தத் தெருவில் பாதிப் பேர் நடவுக்கும் அறுப்புக்கும் அவர் வயலுக்குத்தான் போகிறார்கள்.

சாயங்காலம் சார்ட் தாளில் எல்லாவற்றையும் படியெடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்தார்.

"தம்பி, அந்தப் பாதையை மட்டும் எடுத்துடுங்க."

"ஏம்மா, நீங்கதானே முதல்ல வச்சீங்க?"

"வச்சேன். மனசுல இருந்துச்சு, வச்சுட்டேன். சபையில வாசிப்பீங்கல்ல?"

"வாசிப்போம். பேரு எதுவும் சொல்ல மாட்டோம்மா."

"பேரு எதுக்கு? எங்க தெருவுல யாரு சொல்லியிருப்பான்னு அவங்களுக்குத் தெரியாதா?"

பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. "அடுத்த வருசம் பாத்துக்கலாம் சார்" என்றார் ஒருவர். நான் அதைச் சார்ட்டில் ஏற்றவில்லை. தெருவிளக்கும் வடிகாலும் குடிநீர்க் குழாயும் கிராம சபையில் வாசிக்கப்பட்டன, கை தூக்கினார்கள், தீர்மானம் ஆனது.

அது சரிதான் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் காரணங்கள் இருக்கின்றன. திட்டம் அவர்களுடையது. எதைச் சபைக்குக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று முடிவு செய்வதும் பங்கேற்புதான். நான் பஸ் ஏறிப் போய்விடுவேன், மறுநாள் கூலிக்குப் போக வேண்டியது அவர்கள். எழுதியிருந்தாலும் பெரிதாக எதுவும் நடந்திருக்காது. அப்போது மத்திய அரசிடமிருந்து ஊராட்சிக்கு வந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டியிருந்தது. மீதி 40 சதவீதத்துக்குள் மற்ற எல்லாத் தேவைகளும் முட்டிமோத வேண்டியிருந்தது. அதிலும் ஒருவருடைய பட்டா நிலத்தில் ஊராட்சி தானாகப் போய் ரோடு போட முடியாது. அவராக இடம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அரசு அந்த நிலத்தைக் கையகப்படுத்தித் தர வேண்டும்.

இதை யாரிடமாவது சொல்லும்போதே அதில் உள்ள ஓட்டையும் தெரிந்துவிடுகிறது. கிராம சபைத் தீர்மானம் பாதை போட்டுத் தராதுதான். ஆனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்க நிற்கிறவர் கையில் தீர்மான நகல் இருந்தால், அது தனி ஆளின் புலம்பலாக இருக்காது, ஊர் கேட்டதாக ஆகிவிடும். எங்கள் படிவத்திலோ 'முதலில் கேட்டார்கள், பிறகு வேண்டாம் என்றார்கள்' என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. பட்டியலில் ஏறி, இணையதளத்தில் பதிவேறியது மட்டும்தான் தேவை. மற்றதை யாரும் கேட்கவே இல்லை என்றாகிவிடும்.

என்னைவிடப் பல வருடம் மூத்த சக பணியாளர் ஒருவரிடம் சொன்னேன். "அவங்க பயந்தது நியாயம். நீ ஏன் பயந்தே?" என்று கேட்டார். நான் பயந்தேனா? ஊராட்சித் தலைவரோடு உறவு கெடக்கூடாது, அடுத்த கூட்டத்துக்கும் அவர் ஒத்துழைப்பு வேண்டும் என்ற நினைப்பு எனக்குள் ஓடவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த அம்மா வந்து கேட்டிராவிட்டால் நான் எழுதியிருப்பேன் என்பதும் உண்மை. இரண்டில் எது அன்றைக்கு என் கையைப் பிடித்தது என்று எத்தனை தடவை யோசித்தாலும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரையும் கிராம சபை உறுப்பினராக்கியது. நிலக்காரரும் கூலிக்காரரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காரலாம். உட்காரவும் செய்கிறார்கள். மறுநாள் விடிந்ததும் ஒருவர் வீட்டு வாசலில் இன்னொருவர் போய் வேலைக்கு நிற்க வேண்டும் என்பதைச் சட்டம் என்ன செய்ய முடியும்? 'எல்லோரும் மனம் திறந்து பேசுங்கள்' என்று கூட்டம் தொடங்கும்போது நாங்கள் சொல்கிறோம். மனம் திறப்பதற்கு ஒவ்வொருவரும் கொடுக்கிற விலை ஒன்றில்லை. நான் இப்போது அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை. சபையில் எதை வாசிக்கலாம் என்று தெருவிலேயே முதலில் கேட்டுவிடுகிறேன். அது அவர்களுக்குப் பாதுகாப்பா, இல்லை வாயை மூடிக்கொள்வதற்கு நானே வழி செய்து கொடுக்கிறேனா என்ற சந்தேகமும் கூடவே வருகிறது.

அடுத்து வந்த மே 1 கிராம சபையில், கல்லூரியில் படிக்கிற ஒரு பையன் எழுந்து சுடுகாட்டுப் பாதை வேண்டும் என்றான். அதே தெருப் பையன். ஊராட்சி செயலர் திட்ட நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பட்டியல்ல இல்லையே தம்பி. உங்க தெருவுலயே கூட்டம் போட்டுத்தானே கேட்டாங்க? யாரும் சொல்லலையே?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கையில் இருந்த தாள் அப்படித்தான் சொன்னது. அந்த அம்மா பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. "போன தடவையே கேட்டாங்க" என்று நான் சொன்னால் அந்தத் தெருவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். சொல்லாவிட்டால் பையன் எல்லோர் முன்னாலும் தனியாக நிற்கிறான். "புதுக் கோரிக்கையா தீர்மானத்துல பதிவு பண்ணிக்கலாமே" என்று மட்டும் சொன்னேன். தலைவர் தலையாட்டினார், செயலர் கடைசியில் எழுதிக்கொண்டார்.

அந்தப் பருவத்தில் பையனின் அம்மாவை நடவுக்குக் கூப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதே பருவத்தில்தான் அந்த வயலுக்கு நடவு மெஷினும் வந்திருந்தது. எது காரணம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

பையன் தீர்மான நகலோடு வந்தான், கலெக்டருக்கு மனு எழுத வேண்டுமென்று. உட்கார்ந்து எழுதினோம். சர்வே எண், வரப்பின் அகலம், மழைக்காலத்தில் என்ன ஆகிறது, எல்லாம் அவனே சொன்னான். பாதியில் நிமிர்ந்து, "போன வருசமே எங்க தெருவுல கேட்டோம்னு சேத்துக்கலாமாண்ணே? எங்கம்மா சொன்னாங்க, புளியங்கொட்டை வச்சாங்களாமே" என்றான்.

"முதல்ல வச்சது உங்கம்மா இல்லல்ல. வச்சவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வா" என்றேன்.

போய்க் கேட்டுவிட்டு வந்தான். மனு அந்த வரி இல்லாமல்தான் போயிருக்கிறது.