டிசம்பர் 11-ஐ மட்டும் ஒழுங்காகப் படியுங்கள்: குரூப் 4 எழுதியவனின் அனுபவம்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு முடிவு வந்துவிட்டது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு என் எண்ணும் வந்திருக்கிறது. இப்போதுதான் ஒழுங்காகத் தூக்கம் வருகிறது. எப்படிப் படித்தாய் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்ப் பகுதி, கணக்கு பற்றியெல்லாம் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பள்ளிப் புத்தகத்தை வரி விடாமல் படியுங்கள், அவ்வளவுதான். என்னைக் கரை சேர்த்தது தேதிகள்.

நான் போன பயிற்சி மையத்தில் மாதாமாதம் ஒரு தாள் கொடுப்பார்கள். 'இந்த நாளில்' என்று தலைப்பு, கீழே நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள். அதற்குத் தனிக் கட்டணம் வேறு. பாரதியும் அப்பல்லோ 17-ம் ஏதோ ஒரு மன்னரின் முடிதுறப்பும் ஒரே பட்டியலில் கிடக்கும். எது பாடத்திட்டத்தில் இருக்கிறது, எது எதோடு சேரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் அந்தத் தாளை வேறு விதமாகப் படித்தால் பயன் இருக்கிறது. 365 நாளும் வேண்டாம். கனமான தேதிகளாக முப்பது நாற்பது எடுத்து, ஒவ்வொன்றையும் தோண்டினால் போதும். டிசம்பர் 11-ஐ நான் எப்படித் தோண்டினேன் என்று சொல்கிறேன்.

முதலில் 1882. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த நாள். அதே ஆண்டு, அதே நாளில் ஜெர்மனியில் பிறந்தவர் மாக்ஸ் போர்ன், குவாண்டம் இயற்பியல்காரர், 1954-ல் நோபல் பெற்றவர். சி.வி. ராமன் அழைத்து, 1935-36-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து வேலை செய்தவர். ராபர்ட் காக்கும் டிசம்பர் 11-ல் பிறந்தவர்தான், ஆனால் 1843-ல். அவர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தது 1882 மார்ச் 24. உலகக் காசநோய் தினம் மார்ச் 24-ல் வருவது அதனால்தான். ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம், ஹண்டர் கல்விக் குழு இரண்டும் 1882. ரிப்பன் என்று கேள்வியில் பார்த்தாலே எனக்குப் பாரதி பிறந்த ஆண்டு என்று மனம் ஓடும். ஆண்டு மறக்காது.

அடுத்தது 1946. இந்த ஒன்றுக்காகவே டிசம்பர் 11-ஐப் படிக்கலாம். அரசியல் நிர்ணய சபை காலவரிசை எல்லோரையும் குழப்பும் இடம். ஒற்றைப்படையாக நினைவில் வையுங்கள்:

9 – முதல் கூட்டம், தற்காலிகத் தலைவர் சச்சிதானந்த சின்கா
11 – ராஜேந்திர பிரசாத் நிரந்தரத் தலைவராகத் தேர்வு
13 – நேரு குறிக்கோள் தீர்மானத்தை முன்மொழிதல்

தீர்மானம் நிறைவேறியது 1947 ஜனவரி 22. முன்மொழிந்ததையும் நிறைவேறியதையும் மாற்றிப் போட்டுத்தான் விடைகளைக் கொடுப்பார்கள். பிரசாத் தேர்வான அதே நாளில் ஐ.நா. பொதுச்சபை யுனிசெஃபை உருவாக்கியது. போரில் சிதைந்த நாடுகளின் குழந்தைகளுக்கான அவசர நிதியாகத் தொடங்கியது, 1953-ல் நிரந்தர அமைப்பானது, 1965-ல் அமைதி நோபல் பெற்றது. இந்தியப் பகுதியும் உலகப் பகுதியும் ஒரே முடிச்சில் வந்துவிட்டன, பாருங்கள்.

அப்புறம் பாரத ரத்னாக்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்தது 2004 டிசம்பர் 11, ரவிசங்கர் மறைந்தது 2012 டிசம்பர் 11. விருது வந்தது முறையே 1998, 1999. எம்.எஸ். தான் இந்த விருது பெற்ற முதல் இசைக்கலைஞர். பிரணாப் முகர்ஜி பிறந்தது 1935 டிசம்பர் 11, விருது 2019. பாரத ரத்னா இல்லாவிட்டாலும் செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்துக்கும் இதே தேதிதான், பிறந்தது 1969-ல், மயிலாடுதுறையில். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், கேல் ரத்னா விருதிலும் முதல் ஆள். 2012-ஐத் தனியாகக் கட்டம் போட்டு வைத்தேன்: ஆனந்தின் ஐந்தாவது உலகப் பட்டம் மே மாதம், பிரணாப் குடியரசுத் தலைவரானது ஜூலை, ரவிசங்கர் மறைவு டிசம்பர்.

திலீப்குமார் (1922), ஓஷோ (1931) எல்லாம் பார்த்துவிட்டுப் போக வேண்டியவை. சினிமா ஆர்வத்தில் அங்கே நின்றுவிடாதீர்கள்.

இனி நான் மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றினாலும் பரவாயில்லை, இதுதான் முக்கியம். ஒரு தேதியைக் கண்டால் 'இதற்கு இரட்டை இருக்கிறதா?' என்று கேளுங்கள். புவி வெப்பமாதலைக் குறைப்பதற்கான கியோட்டோ நெறிமுறை ஏற்கப்பட்டது 1997 டிசம்பர் 11, நடைமுறைக்கு வந்தது 2005 பிப்ரவரி 16. சட்டப்பிரிவு 370 தந்த ஜம்மு காஷ்மீர் சிறப்புத் தகுதி நீக்கம் 2019 ஆகஸ்ட் 5, அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2023 டிசம்பர் 11. பாரதி பிறந்ததும் 11, மறைவு நாளாக அரசு கடைப்பிடிப்பதும் 11, ஆனால் அது செப்டம்பர், 1921. நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்ததால் சில புத்தகங்களில் செப்டம்பர் 12 என்று இருக்கும். தமிழ்நாடு அரசு 2021-ல் 'மகாகவி நாள்' என அறிவித்தது செப்டம்பர் 11-ஐத்தான். டிசம்பர் 11 மத்திய அரசின் இந்திய மொழிகள் தினம். இந்த இரட்டைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். தேர்வுக்கு முந்தைய இரவு அதைத் தவிர வேறு எதையும் தொடவில்லை.

முன்னும் பின்னும் உள்ள நாளையும் விடக் கூடாது. டிசம்பர் 10 மனித உரிமை தினம் (1948). டிசம்பர் 12-ல் 1911 டெல்லி தர்பார், தலைநகர் மாற்ற அறிவிப்பு. 2015 பாரிஸ் காலநிலை ஒப்பந்தமும் அதே 12. கியோட்டோவுக்கு அடுத்த நாள் பாரிஸ் என்று வைத்துக்கொள்ளலாம், ஆண்டு இடைவெளி 18.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. நாலு பேர் சேர்ந்தால் கட் ஆஃப் பேச்சுதான் நடக்கும். உங்களுக்கு ஒத்துவந்தால் சரி, செய்யுங்கள். செயலிகளில் வரும் தினசரி வினாடி வினாவும் எனக்குப் பிடிக்கவில்லை. விடையைத் தொட்டுவிட்டு நகர்ந்தால் ஒன்றும் நிற்காது. தேதிக்கு ஒரு பக்கம், கையால் எழுதியதுதான் நின்றது.

தொடங்க நல்ல தேதிகள் சில:

செப்டம்பர் 5 – வ.உ.சி. (1872), ராதாகிருஷ்ணன் (1888) பிறப்பு, அன்னை தெரசா மறைவு (1997)
செப்டம்பர் 11 – விவேகானந்தர் சிகாகோ உரை (1893), வினோபா பாவே பிறப்பு (1895), இமானுவேல் சேகரன் கொலை (1957)
செப்டம்பர் 15 – விஸ்வேஸ்வரய்யா (1861), அண்ணா (1909) பிறப்பு
அக்டோபர் 2 – காந்தி (1869), சாஸ்திரி (1904) பிறப்பு, நாகௌரில் பஞ்சாயத்து ராஜ் தொடக்கம் (1959), காமராசர் மறைவு (1975)

ஜனவரி 26-ஐக் கடைசியில் எடுங்கள். அது எல்லோருக்கும் தெரியும், அதில் யாரையும் முந்த முடியாது.