ஐந்து வருடத் தடை முடிந்த மறுநாள்

2024 செப்டம்பர் 4 அன்று தென்னிந்திய நடிகர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. பாலியல் புகார் விசாரணையில் உண்மை என்று தெரிந்தால், அந்த ஆளை ஐந்து ஆண்டுகள் திரைத்துறையில் வேலை செய்யவிடக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கத்துக்குப் பரிந்துரைப்பார்கள். கேரளத்தில், மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த ஹேமா கமிட்டியின் அறிக்கை ஆகஸ்ட் 19-ல் வெளியாகி, எட்டே நாளில் மலையாள நடிகர்களின் ‘அம்மா’ சங்கத்தின் செயற்குழு கலைந்த சூடு அது. ஐந்து வருடம் போதுமா, போதாதா என்று பேசிவிடலாம். ஆறாவது வருடம் அந்த ஆள் செட்டுக்குள் எப்படி வருவார், யார் உள்ளே விடுவார்கள், என்ன நிபந்தனையில் என்பதுதான் கஷ்டமான கேள்வி.

இங்கே பேசப்போவது புகார் நிரூபணமான, அல்லது தானே ஒப்புக்கொண்ட கலைஞர்களைப் பற்றி மட்டும். விசாரணை முடியாதவர்களுக்கு இது பொருந்தாது. வன்புணர்வு, குழந்தைகள் மீதான குற்றம் ஆகியவற்றில் தண்டனை பெற்றவர்களுக்கும் பொருந்தாது. அவர்களைத் திரும்ப அழைக்கும் பேச்சுக்கே இடமில்லை என்பது என் கட்சி. மற்றவர்களுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. சினிமாவில் இந்த இரண்டையும் பிரிப்பது லேசான காரியம் இல்லை.

இரண்டாவது வாய்ப்பு என்பதைச் சட்டமே யோசித்து வைத்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் விதிகளில் 9-வது விதியைப் பாருங்கள்: எழுத்துமூல மன்னிப்பு, எச்சரிக்கை, கண்டனம், பதவி உயர்வு நிறுத்தம், ஊதிய உயர்வு நிறுத்தம், பணிநீக்கம், கவுன்சலிங், சமூக சேவை. பணிநீக்கம் அதில் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் இந்தப் பட்டியல் மாதச் சம்பளக்காரனுக்காக எழுதியது. ஹீரோவுக்கு ஏது பதவி உயர்வு? இன்க்ரிமென்ட்டை எங்கே நிறுத்துவது?

இன்னொரு சிக்கல், ஒவ்வொரு படமும் தனித்தனி நிறுவனம் மாதிரி. ஒவ்வொரு படப்பிடிப்புக் குழுவிலும் புகார் குழு இருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் சொன்னது. சரி, இருக்கட்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். விசாரணைக்கு 90 நாள், அறிக்கைக்கு 10 நாள், நடவடிக்கைக்கு 60 நாள். இதெல்லாம் முடிவதற்குள் பூசணிக்காய் உடைத்து யூனிட் கலைந்திருக்கும். குழுவின் முடிவு ஒரு ஃபைலாக எங்கோ கிடக்கும். அதை ஊரறியச் சொல்லவும் முடியாது. சட்டத்தின் 16-வது பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றப் போட்ட பூட்டு, தவறு செய்தவருக்கும் திரையாகிவிடுகிறது. அடுத்த தயாரிப்பாளர் ஒன்றும் தெரியாமல் அட்வான்ஸ் கொடுப்பார்.

இதற்கு ஒரு வழி ஒப்பந்தத்தில் இருக்கிறது. ‘எனக்கு எதிராக எந்தப் புகார் குழுவும் முடிவு சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தண்டனையை முடித்துவிட்டேன்’ என்று கலைஞரிடமே எழுதி வாங்குவது. பொய் என்று தெரிந்தால் ஒப்பந்தம் ரத்து, அட்வான்ஸ் வட்டியோடு வாபஸ். புகார் கொடுத்தவரின் பெயர் அதில் வராது, பத்திரிகைக்கும் போகாது.

எப்படித் திரும்பக் கூடாது என்பதற்கு அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் லூயி சி.கே.யின் கதை நல்ல பாடம். பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்று ஐந்து பெண்கள் சொன்னதை 2017 நவம்பர் 9 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. மறுநாளே எல்லாம் உண்மை என்று அவர் அறிக்கை விட்டார். தனக்கு அந்தப் பெண்கள் மீது அதிகாரம் இருந்தது, அதைத் தவறாகப் பயன்படுத்தினேன் என்றுகூட எழுதினார். ஆனால் ‘என்னை மன்னித்துவிடுங்கள்’ என்று நேராக ஒரு வரி அதில் இல்லை. நீண்ட காலம் ஒதுங்கி நின்று கேட்கப்போகிறேன் என்று முடித்தார்.

அந்த நீண்ட காலம் ஒன்பதரை மாதம். 2018 ஆகஸ்ட் 26 இரவு, நியூயார்க்கின் காமெடி செல்லார் கிளப்பில் முன்னறிவிப்பே இல்லாமல் மேடையேறி, சுமார் 15 நிமிடம் பேசினார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேறு யாரையோ பார்க்க டிக்கெட் வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த கூட்டம் அது. பலர் கைதட்டி வரவேற்றார்கள். பிடிக்காதவர்கள் என்ன செய்ய முடியும்? பிறகுதான் கிளப் ஒரு அறிவிப்பு வைத்தது: எதிர்பாராத கலைஞர் யாராவது மேடைக்கு வந்து, உங்களுக்குப் பிடிக்காவிட்டால், எழுந்து போகலாம், பில் எங்கள் கணக்கில். நல்ல ஏற்பாடுதான், ஆனால் முதல் நாளே இருந்திருக்க வேண்டும். அவரும் பின்னாளில் 2022-ல் கிராமி வாங்கினார், 2023-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகழ்ச்சி நடத்தினார். ஆக, வாய்ப்பு கிடைக்கவில்லை என்று யாரும் அழ வேண்டியதில்லை.

அந்தப் பக்கம் பாருங்கள். 2002-ல் அவரிடம் மாட்டிய இரண்டு பெண் கலைஞர்கள், அவருடைய மேனேஜருக்குத் தொடர்புள்ள படங்கள், நிகழ்ச்சிகள் எதற்கும் முயற்சி செய்வதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த மேனேஜர் கையில் பல பெரிய நட்சத்திரங்கள். இழந்தவை எத்தனை என்று எந்தக் கணக்கிலும் வராது. மேலே சொன்ன 2013 இந்தியச் சட்டத்தின் 15-வது பிரிவு நஷ்டஈடு கணக்கிடும்போது தொழில் வாய்ப்பு இழப்பையும் சேர்க்கச் சொல்கிறது. அந்தப் பணம் கட்டி முடியும்வரை திரும்பி வரும் பேச்சையே எடுக்கக் கூடாது.

மன்னிப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க டிவி தொடர் எழுத்தாளர் டான் ஹார்மன் 2018 ஜனவரியில் தன் பாட்காஸ்டில் பேசிய ஏழு நிமிடத்தைச் சொல்வார்கள். தன்னிடம் வேலை பார்த்த எழுத்தாளர் மீது ஆசைப்பட்டது, அவர் மறுத்தது, அதற்குப் பிறகு வேலையில் அவரைப் பழிவாங்கியது, ஆணாக இருந்தால் அப்படி நடத்தியிருக்க மாட்டேன் என்பது வரை வரிசையாகச் சொன்னார். அந்தப் பெண் பகிரங்கமாக மன்னித்தார். ‘யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்ற நம்மூர் அறிக்கைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் படித்தவர்கள் அளந்துகொள்ளலாம். என்ன செய்தேன், அதனால் அவர் வேலைக்கு என்ன ஆனது: இந்த இரண்டும் இல்லாத காகிதத்தைப் புகார் குழு கையால் வாங்கக் கூடாது.

இனி செட்டுக்கு வருவோம். திரும்பி வருபவரின் முதல் படத்தில் நடிகர் தேர்வு, எடிட்டிங், சம்பள ஒப்புதல் எதிலும் அவருக்கும் அவர் மேனேஜருக்கும் வாய் இருக்கக் கூடாது. கதை விவாதம் தயாரிப்பு அலுவலகத்தில், பகலில். ஹோட்டல் அறையில் கிடையாது. ராத்திரி கதவு தட்டப்படுவதைப் பற்றி ஹேமா கமிட்டியிடம் பெண்கள் சொன்னது நினைவிருக்கட்டும். அவுட்டோரில் அவருக்குத் தனி மாடி. காஸ்ட்யூம், டச்சப் உதவியாளர்கள் அவர் கேரவனுக்குள் ஒற்றையாகப் போகக் கூடாது. பிக்கப் வண்டியில் பெண்களை அவரோடு ஏற்றக் கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று மேனேஜர்கள் செய்யும் வேலை இது. நெருக்கமான காட்சி முதல் படத்தில் வேண்டாம். தினசரி கால்ஷீட் தாளிலேயே புகார் குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் அச்சாக வேண்டும். சம்பளத்தின் கடைசித் தவணையைப் பேக்கப் அன்று கொடுக்காமல், புகார் கொடுக்கும் மூன்று மாதம் தாண்டியபின் கொடுக்கலாம்.

இதில் பெரும்பாலும் கோட்டை விடுவது ஹீரோவே தயாரிப்பாளராக இருக்கும்போது. தன் சொந்த பேனரில் வந்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. தனக்குத் தானே நிபந்தனை போட்டுக்கொள்பவர் யார்? அப்போது புகார் கம்பெனியின் குழுவுக்குப் போக வேண்டியதில்லை. முதலாளி மீதே புகார் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கும் அதுவே. யூனிட்டில் இருக்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

கர்நாடக இசையில் கணக்கு வேறு. மீ டூ புகார்களுக்குப் பிறகு 2018 அக்டோபரில் மியூசிக் அகாடமி ஏழு கலைஞர்களை அந்த டிசம்பர் சீசனிலிருந்து நீக்கியது. அந்தப் புகார்களுக்குள் நான் போகவில்லை. சபாவின் கையில் இருந்தது கச்சேரி ஸ்லாட் மட்டும் என்பதைச் சொல்ல வந்தேன். ஆபத்து மேடையில் இல்லையே! நூறு பேர் பார்க்க இரண்டரை மணி நேரம் பாடுவதில் யாருக்கு என்ன பயம்? தனி வகுப்பு, வெளியூர்ப் பயணம், எந்தப் பக்கவாத்தியக்காரரைச் சேர்ப்பது என்று சொல்லும் செல்வாக்கு, போட்டி நடுவர் நாற்காலி எல்லாம் மேடைக்கு வெளியே இருப்பவை. குற்றம் உறுதியான ஒருவருக்குக் கச்சேரியைத் திருப்பிக் கொடுத்தாலும், இவற்றைத் தரக் கூடாது. குறிப்பாக, ஒற்றைக்கு ஒற்றை வகுப்பு.

கடைசியாக, புகார் கொடுத்தவரின் வேலை. 2018 அக்டோபரில் மீ டூ புகாரோடு வாய் திறந்த, பாடகியும் டப்பிங் கலைஞருமான சின்மயியை, சந்தா பாக்கி என்று சொல்லி நவம்பரில் டப்பிங் யூனியன் நீக்கியது. ஒருவரைத் திரும்ப எடுக்கும் முன் சங்கம் முதலில் கேட்க வேண்டியது: அவர் மீது புகார் சொன்னவருக்கு இப்போது வேலை இருக்கிறதா? இல்லையென்றால் அதைச் சரிசெய்த பிறகே மற்றது.

அந்தப் பெண்ணிடம் ‘அவரைச் சேர்த்துக்கொள்ளலாமா’ என்று அனுமதி கேட்காதீர்கள். முடிவின் சுமையை அவர் தலையில் ஏற்றுவது அது. ‘சரி’ என்று சொல்லவைக்க ஆயிரம் பேர் போன் போடுவார்கள். தகவல் மட்டும் போக வேண்டும்: எந்தப் படம், எந்தத் தேதி முதல், எந்த ஸ்டுடியோ. அதுவும் பத்திரிகையில் வருவதற்கு முன்னால், குழுவின் வெளி உறுப்பினர் வழியாக. ஒரே தேதியில் இருவருக்கும் வேலை வந்தால் தேதி மாற வேண்டியது அவருக்கு, அந்தப் பெண்ணுக்கு அல்ல.